எலக்ட்ரோ கோட், பவுடர், ஜிங்க் ப்ரைமர், கால்வனைசிங்: லாரி பாடிக்கு எது?

லாரி பாடியில் துரு பெரும்பாலும் கண்ணில் படும் பக்கத்தில் தொடங்குவதில்லை. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், விட்டு விட்டு வெல்டிங் அடித்த மூட்டுகளின் இடைவெளி, தரைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டங்களின் உட்புறம், பின்கதவின் அடிப்பட்டை என்று சேறும் ஈரமும் தங்கும் இடங்களில்தான் அது ஆரம்பிக்கும். வெளியே பெயிண்ட் கொப்பளித்துக் கண்ணில் படுவதற்குள் உள்ளே தகடு நன்றாகவே அரித்திருக்கும். அதனால் பூச்சின் தடிமனைவிட, அது எதுவரை போய்ச் சேரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் எலக்ட்ரோ கோட் நன்றாகவே முந்துகிறது. எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ஜிங்க் பாஸ்பேட் போன்ற முன்பூச்சு ஏற்றிய பாடியைப் பெயிண்ட் தொட்டியில் அப்படியே மூழ்கடிக்கிறார்கள். தொட்டியில் பெரும்பகுதி தண்ணீர்தான். பெயிண்டின் திடப்பொருள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பாடியை எதிர்மின் முனையாக்கி 200 முதல் 350 வோல்ட் வரை டிசி மின்சாரம் செலுத்தும்போது, எஃகை ஒட்டியுள்ள தண்ணீர் பிரிந்து அங்கே காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் பெயிண்டிலுள்ள எப்பாக்சி என்ற பிசின் கரைந்த நிலையில் இருக்க முடியாமல் தகட்டிலேயே படிந்துவிடுகிறது. படிந்த படலம் மின்சாரத்தைத் தடுப்பதால், மின்சாரம் இன்னும் பூச்சு ஏறாத இடத்தைத் தேடிப் போகிறது. இப்படித்தான் ஸ்ப்ரே துப்பாக்கி எட்டிப் பார்க்காத மூலைக்கும் தகட்டின் பின்புறத்துக்கும் பெட்டிச் சட்டத்தின் உட்சுவருக்கும் பூச்சு போய்ச் சேர்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் 15 முதல் 25 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) வரை படியும். அப்புறம் கழுவி, 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் இறுக வைக்கிறார்கள்.

1960களில் ஃபோர்டு நிறுவனம் கார்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தபோது பாடிதான் நேர்மின் முனை. அதில் எஃகிலிருந்து இரும்பு சிறிது கரைந்து படலத்துக்குள்ளேயே கலந்தது. துருவைத் தடுக்கும் திறன் அந்த அளவுக்குக் குறைந்தது. 1970களில் முனையை மாற்றிய பிறகுதான் இது கார் தொழிலின் வழக்கமான ப்ரைமராக நிலைத்தது. விவரக்குறிப்பில் 'கேத்தோடிக்', அதாவது பாடியே எதிர்மின் முனை, என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தொட்டியைவிடப் பெரிய பாடியை மூழ்கடிக்க முடியாது. சட்டத்தில் போதிய துளை இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு அந்த இடம் வெறும் எஃகாகவே நின்றுவிடும். நீளமான, குறுகலான குழாயின் நடுப்பகுதிக்கும் பூச்சு சரியாகப் போகாது. வெல்டிங்கில் மிஞ்சும் சிலிக்கா கசடு மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் எதுவும் படியாது. ஆக்சிஜன் வைத்து லேசரில் வெட்டிய விளிம்பில் உருவாகும் ஆக்சைடு படலம் பின்னாளில் பூச்சோடு சேர்ந்து உரியும். நைட்ரஜன் வைத்து வெட்டினால் இந்தத் தொல்லை வராது. கூரான விளிம்பில் பூச்சு சூட்டில் இளகி விலகி மெலிந்துபோகும். எப்பாக்சி வெயிலில் மாவு மாவாக உதிரும் என்பதால் மேல்பூச்சு கட்டாயம்.

பவுடர் கோட்டிங்கைப் பார்த்தால் தடிமனில் அசத்தும்: வழக்கமாக 60 முதல் 100 மைக்ரான். கல்லடியையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மின்னேற்றிக் காற்றில் தெளிக்கும் பவுடர், மின்புலம் நுழையாத உள்மூலையில் சரியாக ஒட்டாது. ஓரிடத்தில் எஃகுவரை கீறிவிட்டால் ஈரம் படலத்துக்கு அடியில் புகுந்து பரவும், மேலே எதுவும் தெரியாது. மூட்டுகள் நிறைந்த பாடிக்கு வெறும் பவுடரை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எலக்ட்ரோ கோட்டின் மேல் மேல்பூச்சாக வந்தால் அது அருமையான ஜோடி.

ஜிங்க் நிறைந்த எப்பாக்சி ப்ரைமர் வேறு ரகம். அதிலுள்ள துத்தநாகம் எஃகுக்கு முன்னால் தன்னையே அரிக்கக் கொடுக்கும். சிறு கீறல் விழுந்தாலும் காப்பு தொடரும். அதற்குத் துத்தநாகத் துகள்கள் எஃகைத் தொட்டாக வேண்டும். துகள்களை வேகமாக அடித்துத் துருவை நீக்கும் பிளாஸ்டிங்கை, எஃகு கிட்டத்தட்ட முழுச் சுத்தமாகும் எஸ்ஏ 2.5 தரத்துக்குச் செய்யாமல் பழைய துருவின்மேல் அடித்தால் காசு வீண். பெட்டிச் சட்டத்தின் உள்ளே இதுவும் போகாது. ஆனால் எந்த அளவு பாடிக்கும் அடிக்கலாம், தொட்டியும் ஓவனும் வேண்டாம், பழுதை நின்ற இடத்திலேயே சரிசெய்யலாம். தடித்த தகட்டில் செய்த டிப்பர் பாடிக்கு என் ஓட்டு இதற்கே. டிப்பரின் உட்புறத்தில் ஜல்லி உரசும்போது எந்த ப்ரைமரும் நிற்காது. அங்கே தகட்டின் தடிமனைத்தான் நம்ப வேண்டும்.

கால்வனைசிங் உள்ளும் புறமும் ஒருசேரக் காக்கும். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்குவதால், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எஃகில் கால்வனைசிங்குக்கான ஐஎஸ்ஓ 1461 தரநிலை கேட்கும் சராசரி 85 மைக்ரான். அடிச்சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. பக்கவாட்டின் மெல்லிய தகடோ அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். துத்தநாகத்தின்மேல் பெயிண்ட் ஒட்ட லேசான பிளாஸ்டிங் போன்ற தனி வேலையும் தேவை.

விளம்பரங்களில் வரும் உப்புத் தெளிப்பு மணிக்கணக்கை, அதாவது உப்புநீர் தெளிப்பில் பூச்சு எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதை, பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஏஎஸ்டிஎம் பி117 சோதனையில் 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலை இடைவிடாமல் தெளிக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரு தட்டையான மாதிரித் தகட்டின்மேல். மாறி மாறி நனைந்து காயும் மூட்டைப் பற்றி அது பெரிதாக எதுவும் சொல்லாது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: வெல்டிங் எல்லாம் முடிந்த பாடியை முழுதாக மூழ்கடித்தார்களா, பாகங்களைத் தனித்தனியே மூழ்கடித்துவிட்டு அப்புறம் வெல்டிங் அடித்தார்களா? இரண்டாவது என்றால் ஒவ்வொரு மூட்டிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், கையால் தடவிய டச்-அப்தான் மிச்சம். வண்டி கைக்கு வந்தபின் விளக்குக்கோ பெட்டிக்கோ போடும் துளைகளுக்கும் இதே கதிதான். விளிம்பில் ஜிங்க் ப்ரைமர் தடவிவிட்டு போல்ட் பூட்ட வேண்டும். சட்டத்தின் வடிகால் துளைகளில் அடைத்த சேற்றையும் அவ்வப்போது குத்தி எடுத்துவிட வேண்டும்.