விண்டோஸ் காம்பாக்ட் ஓஎஸ்: சின்ன லேப்டாப்புக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம்

சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டும், அப்டேட் பாதியில் நின்றுவிடும். 32 ஜிபி, 64 ஜிபி ஈஎம்எம்சி (டிஸ்க்குக்குப் பதில் இருக்கும் சேமிப்புச் சிப்) வைத்த மலிவு லேப்டாப்பில் இது தவறாமல் வரும் தொல்லை. அந்தச் சிப் போர்டோடு சால்டர் செய்தே வருவதால் கடலூர், பாண்டியில் எந்த சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனாலும் சுலபமாக மாற்ற முடியாது. அப்படிப்பட்ட மெஷினுக்கென்றே விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளே இருக்கிறது காம்பாக்ட் ஓஎஸ்: விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் வசதி. காசு கிடையாது, எதையும் டவுன்லோடு செய்யவும் வேண்டாம்.

64 பிட் விண்டோஸ் 10-ல் சுமார் 2.6 ஜிபி மிச்சமாகும் என்பது 2015-ல் மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. 32 ஜிபி மெஷினில் அது பெரிய தொகை. 512 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும். முதலில் தட்ட வேண்டியது (ஆங்கில எழுத்தில்தான்): காம்பாக்ட் /காம்பாக்ட்ஓஎஸ்:கொயரி (compact /compactos:query). சில மெஷின்களில் விண்டோஸே இடத்தைப் பார்த்து முன்பே சுருக்கி வைத்திருக்கும். இருந்தால் அதோடு விட்டுவிடலாம். இல்லையென்றால் கொயரியை எடுத்துவிட்டு ஆல்வேஸ் (always) என்று போடவும். செலரான் மாதிரி மெதுவான பிராசஸர் உள்ள மெஷினில் அரை மணி நேரம்கூட இழுக்கும். இடையில் கரண்ட் போனால் வம்பு. ஐப்பசி கார்த்திகையில் நம்ம பக்கம் கரண்ட் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. லேப்டாப்பில் பேட்டரி முழுச் சார்ஜ் இருக்கட்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

முடிந்ததும் விண்டோஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஹார்டு லிங்குகளால் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் எண்ணப்படும். சி டிரைவில் காலி இடம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதுதான் நம்பகமான கணக்கு. ஃபைல்மேல் நீல அம்புக்குறியும் வராது. வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

அந்த நீல அம்புக்குறி வருவது வேறொரு வசதியில். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மெஷின் கெடுகிறது. சி டிரைவ் பிராப்பர்ட்டீஸில் "இடம் மிச்சப்படுத்த டிரைவைச் சுருக்கு" என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அது பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறை) சுருக்கம். சிஸ்டம் ஃபைல், உங்கள் டேட்டா என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுருக்கும். டேலி டேட்டா, அவுட்லுக் மெயில் மாதிரி ஓயாமல் எழுதப்படும் ஃபைல்களை ஒவ்வொரு முறையும் பிரித்து, மறுபடி சுருக்கி, துண்டு துண்டாகச் சிதறடிக்கும். பழைய பயாஸ் மெஷினில், விண்டோஸை எழுப்பும் பூட்எம்ஜிஆர் ஃபைல் சி டிரைவிலேயே இருந்து அதுவும் சுருங்கிவிட்டால், மறுநாள் "பூட்எம்ஜிஆர் ஈஸ் கம்ப்ரெஸ்டு" என்று கருப்புத் திரையில் நிற்கும். அதைப் பிரிக்கும் கருவி விண்டோஸுக்குள் இருக்கிறது, விண்டோஸையே எழுப்ப வேண்டியது அந்த ஃபைல். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. இன்ஸ்டாலேஷன் பென்டிரைவ் போட்டு ரிப்பேர் பகுதியில் சரிசெய்யலாம், ஆனால் ஜெராக்ஸ் கடையில் வரிசை நிற்கும்போது அது நடக்கிற காரியமா?

காம்பாக்ட் ஓஎஸ் அப்படியில்லை. அடிக்கடி படிக்கப்பட்டு அபூர்வமாகவே எழுதப்படும் சிஸ்டம் ஃபைல்களை மட்டும் எடுக்கிறது. எக்ஸ்பிரஸ்4கே என்ற முறையில் சுருக்குவதால் பிரிக்கச் சுணக்கம் குறைவு. ஏதாவது ஒரு ஃபைலில் எழுத நேர்ந்தால் அது சத்தமில்லாமல் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

படம், வீடியோவுக்கு இரண்டு முறையுமே உதவாது. ஜேபெக், எம்பி4 எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை. காய்ந்த கருவாட்டை மறுபடி வெயிலில் போட்டால் எடை எவ்வளவு குறையும்?

இன்னொன்று. இதைத் தொடும் முன்பே ஹைபர்னேஷனை அணைத்துப் பாருங்கள். அது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதி வைத்துவிட்டு மெஷினை அணைக்கும் வசதி. அந்த ஃபைல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம். 8 ஜிபி ரேம் என்றால் 3 ஜிபிக்கு மேல். பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் (powercfg /h off) என்ற ஒரே வரியில் அவ்வளவும் திரும்பும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போய்விடும், அதனால் பழைய ஹார்டு டிஸ்க் மெஷின் எழ இன்னும் தாமதமாகும். விண்டோஸ் டாட் ஓல்டு (Windows.old, பழைய விண்டோஸின் மிச்சம்) ஃபோல்டர் இருந்தால் அதை டிஸ்க் கிளீனப்பில் தூக்குங்கள். இருக்கிற மூன்றிலும் அதிக இடம் தருவது அதுதான்.

காம்பாக்ட் ஓஎஸ் வேண்டாமென்று தோன்றினால் ஆல்வேஸுக்குப் பதில் நெவர் (never). ஆனால் பிரிந்து விரிய இடம் வேண்டும். மிச்சமான இடத்தில் கல்யாண வீடியோவை ஏற்றிவிட்டு நெவர் தட்டினால் பாதியில் முட்டி நிற்கும். குறைந்தது 4, 5 ஜிபி காலி செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.