ரீல்ஸ் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கோலாலம்பூரில் உணவுப் படம் எடுத்துத் தொழில் செய்யும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்யும் அக்காமார்களும் படியுங்கள். இவர்கள் அடுத்து உங்களிடமும் வரலாம்.

நான் செந்தூலில் இருக்கிறேன். வாழையிலைக் கடைகளுக்கு மெனு படம், தீபாவளி நேரத்தில் முறுக்கு, அதிரசம் செய்து விற்பவர்களுக்குப் படம், இதுதான் என் வேலை. இப்போதெல்லாம் வெறும் படத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தப் படத்தை எப்படி எடுத்தோம் என்று காட்டும் 20 விநாடி வீடியோவைப் பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது. ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாம்பார் ஊற்றி, அதையும் நானே வீடியோ எடுக்க முடியாது. அதனால் ஆள் தேடினேன்.

பேஸ்புக் விளம்பரத்தில் ஒரு நிறுவனம் கிடைத்தது. 12 ரீல்ஸ் (சிறு வீடியோக்கள்), 2,400 வெள்ளி (ரிங்கிட்), தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே எல்லாம் ஏறிவிடும் என்றார்கள். முழுத் தொகையையும் முதலிலேயே கட்டினால் 300 வெள்ளி கழிவு. கட்டினேன். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "கம்பெனி கணக்கை மாத்திக்கிட்டு இருக்கோம் அண்ணே" என்றார் அந்த நிறுவனத்துக்காக என்னிடம் பேசிய தம்பி. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பழக்கமான கடையில் காலை 10 மணிக்குப் படப்பிடிப்பு. கடைக்கார அண்ணன் எனக்காகச் சமையல்காரரைச் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார். வந்தவரோ சோற்றுக்கு நேர் எதிரே ரிங் லைட்டை வைத்தார். வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழுந்தால்தான் ஆவி தெரியும். முன்னால் வைத்தால் சாம்பார் மேல் வெள்ளை வளையம்தான் தெரியும். சொன்னேன், கேட்கவில்லை. அப்புறம் டியூப் லைட். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைக்காவிட்டால் இந்த மாதிரி விளக்குகளின் கீழ் வீடியோவில் கோடு ஓடும். ஓடியது. "எடிட்டிங்ல சரியாயிடும் அண்ணே" என்றார். சரியாகவில்லை. இரண்டு மணி நேரத்தில் நான்கு இலைச் சாப்பாடு ஆறி வீணானது. கடைக்கார அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் வந்தவை ஐந்தே ரீல்ஸ். அவற்றில் இரண்டில் இருந்தது நாங்கள் எடுத்த காட்சியே இல்லை. எங்கிருந்தோ எடுத்த பிரியாணி வீடியோ, அதன் மேல் என் பெயர். வாடிக்கையாளர் ஒருவர், "இது எந்தக் கடை? பக்கத்திலா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

முதல் ரீலை ஒரே இரவில் 40,000 பேர் பார்த்ததாகக் காட்டியது. நானும் மகிழ்ந்தேன். இரண்டு நாள் கழித்து, யார் எங்கிருந்து எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தைத் திறந்தால், நாடுகளின் பட்டியலில் மலேசியா அடியில் கிடந்தது. பார்த்தவர்கள் இரண்டு விநாடிகூட நிற்கவில்லை. விசாரித்து ஒரு வாட்ஸ்அப் செய்திகூட வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய எண்ணிக்கை அது. ஆகவே யாராவது தங்கள் பழைய வேலையைக் காட்டினால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். எந்த ஊர்க்காரர்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று இன்சைட்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும்தான் பெரிய அடி விழுந்தது. பதிவேற்றுவதற்காக நான் கொடுத்த பாஸ்வேர்டை வைத்து என் கணக்கின் மின்னஞ்சலையே மாற்றிவிட்டார்கள். கணக்கு என்னுடையதுதான் என்று காட்ட முகத்தை வீடியோ எடுத்து அனுப்பி, அதை மீட்க ஒன்பது நாள் ஆனது. தீபாவளி ஆர்டர் குவியும் அதே ஒன்பது நாள். தொழில் கணக்காக இருந்தால், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை நிர்வகிக்க உதவும் மெட்டா பிசினஸ் சூட்டில் பாஸ்வேர்டு கொடுக்காமலேயே இன்னொருவருக்குப் பதிவிடும் அனுமதி தரலாம், வேண்டாதபோது நீக்கிவிடலாம். இது எனக்குத் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

போலீஸில் புகார் கொடுத்தேன். பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்றம்தான் போகவேண்டும் என்றார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கானது, தொழிலுக்காக வாங்கிய சேவை அதில் சேராது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கையைத் தனி ஆளாக, வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். படிவம் 198-ஐ நிரப்பிக் கொடுத்தேன். அதற்கு எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். விளம்பரத்தில் இருந்த நிறுவனப் பெயரை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவில் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு நிமிட வேலை அது, பணம் கட்டும் முன் செய்திருக்கலாம். வங்கி ரசீதில் இருந்த அந்தத் தனி ஆளின் பெயரில்தான் வழக்குப் போட்டிருக்கிறேன்.

வழக்கு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரி 12 ரீல்ஸ், 300 வெள்ளி கழிவு என்று யாரிடமாவது பணம் கட்டியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் விசாரணை.