வகுப்பறைக்கு நிதி: ஊர்ச் சீரா, இணையதளமா, கம்பெனிப் பணமா?

எங்களுடையது அரசு நடுநிலைப் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு மூலை அமைக்க ஆசைப்பட்டோம். இரண்டு அலமாரி, 300 கதைப் புத்தகம், தரைக்குப் பாய், இரண்டு ஃபேன். கொட்டேஷன் வாங்கிக் கூட்டிப் பார்த்தால் 42,000 ரூபாய். பள்ளி மானியம் சாக்பீஸுக்கும் சின்னச் சின்னப் பழுதுக்குமே சரியாகப் போய்விடும். அந்த 42,000-க்காக நான் தட்டிய கதவுகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டுபோவது போல ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு பள்ளிக்குப் பொருள் கொண்டுவரும் வழக்கம். தமிழ்நாட்டில் எத்தனையோ அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. எங்கள் ஊரில் முன்னால் தாம்பூலத் தட்டுகளில் நோட்டும் பென்சிலும் வந்தன, பின்னால் டாட்டா ஏஸில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பாட்டி தலையில் சுமந்து வந்த எவர்சில்வர் குடத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல், பேரன் படிக்கிற ஐந்தாம் வகுப்புக்குள் போய் இறக்கிவைத்தார். பணமாகக் கேட்டிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

ஆனால் என்ன வேண்டும் என்று சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு. ஏழு சுவர்க் கடிகாரம் வந்து சேர்ந்தது. பள்ளியில் வகுப்பறை நான்குதான். அடுத்த வருடம் 60 ரூபாய்ப் புத்தகத்திலிருந்து 9,500 ரூபாய் அலமாரி வரை விலையோடு எழுதி ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டினோம். புத்தகமும் பாயும் அதிலேயே தேறிவிட்டன. சிறிய தேவைக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. பெரிய கட்டட வேலைக்கு இது தாங்காது, அவ்வளவுதான்.

முன்னாள் மாணவர்களையும் இதே கணக்கில் சேர்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செட் கையில் எடுத்தால் மற்ற செட்டுக்கு ரோஷம் வந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மாணவர் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்குவதற்கான பதிவு உள்ள அமைப்பு வழியாகத்தான் வர வேண்டும். உற்சாகத்தில் இருப்பவரிடம் பாஸ்போர்ட் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள்.

அடுத்தது 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'. 2022 டிசம்பர் 19 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம். தொடங்கியபோது டி.வி.எஸ். நிறுவனத்தின் வேணு சீனிவாசன் தலைவர், செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதுவர். பள்ளியின் தேவையை இணையதளத்தில் ஏற்றலாம். கொடுப்பவர் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அரசு வழி என்பதால் 'பணம் எங்கே போனது?' என்று யாரும் ஆசிரியரைக் கேட்க முடியாது. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். குறை என்னவென்றால், தேவையை ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தால் அது அங்கேயே கிடக்கும். பட்டியலில் ஆயிரத்தோடு ஆயிரத்து ஒன்றாக நம் பள்ளியை யார் தேடி வரப்போகிறார்கள்? நாமே ஆளைப் பிடித்து, 'இதில் போய்க் கொடுங்கள்' என்று கையைக் காட்ட வேண்டும்.

2000-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் சார்லஸ் பெஸ்ட் என்ற ஆசிரியர் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் தளமும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான். அங்கே ஆசிரியர் கையில் காசு வராது. கேட்ட பொருளைத் தளமே வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடும். நம் ஊர்ப் பாட்டி குடத்தை நேரே வகுப்பில் இறக்கியதும் அதே யோசனைதானே!

இணையத்தில் பொதுவான நிதி திரட்டும் தளங்கள் இருக்கின்றன. மிலாப், கெட்டோ போன்றவை. தனியார் அமைப்பு நடத்துபவர்களுக்குச் சரி. அரசு ஆசிரியர் சொந்தக் கணக்கைக் கொடுத்து அதில் இறங்க வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவதை நடத்தை விதிகள் ஏற்பதில்லை. நல்ல எண்ணத்தில் செய்துவிட்டு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பணம் இருக்கிறது, ஆனால் நம் அளவுக்கு இறங்கி வராது. ஒரு நிறுவனத்தில் என் 42,000 ரூபாய்க் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "சார், இருபது பள்ளியாச் சேர்த்துக் கொண்டுவாங்க" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு அலமாரிக்கும் இருபது ஸ்மார்ட் போர்டுக்கும் அவர்களுக்கு ஒரே அளவு காகித வேலை. கழிப்பறைத் தொகுதி, ஆய்வகம் என்றால் தைரியமாகப் போகலாம். சுற்றுச்சுவருக்கு ஊரே கொஞ்சம் போடத் தயார் என்றால் 'நமக்கு நாமே' திட்டத்தை முதலில் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும்.

எந்தக் கதவானாலும் கேட்பது ஒன்றேதான்: யூடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுக்கும் அடையாள எண்), பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், மூன்று கொட்டேஷன். பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வரிக் கழிவு கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பொருளாகக் கொடுத்தால் கழிவு இல்லை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை.

எங்கள் கணக்கில் ஒரு அலமாரி முன்னாள் மாணவர்கள் தந்தது. ஃபேன் இரண்டும் இன்னொரு அலமாரியும் பாக்கி நின்றன. மார்ச் 20 வாக்கில், வேறொரு சிறிய நிறுவனத்திலிருந்து போன். "சார், 31-க்குள்ள பில் கொடுக்க முடியுமா?" நிதியாண்டு முடிவதற்குள் கொஞ்சம் பணம் மிச்சம் கிடந்ததாம். கொட்டேஷனும் தீர்மானமும் மேசை டிராயரில் தயாராக இருந்தன. மறுநாள் மத்தியானம் அலமாரி வந்து இறங்கியது, அதே டாட்டா ஏஸில்.