நைவாஷா ஏரியில் 150-600 மி.மீ. லென்ஸ்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பறவைகளைப் படமெடுப்பதற்கென்று வாங்கிய 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றைக் கென்யாவின் நைவாஷா ஏரியில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எடை ஏறத்தாழ 2 கிலோ. 600-இல் அதன் துளை, அதாவது ஒளி புகும் வாயில், எஃப்/6.3 (இந்த எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). இத்தகைய லென்ஸை வாங்க நினைப்பவர்கள், தொலைவில் உள்ளதை மிகவும் நெருக்கிக் காட்டும் 600 என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இந்த ஏரியில் எனக்கு அதிகம் உழைத்தது 250-க்கும் 400-க்கும் இடைப்பட்ட பகுதிதான்.

பிளவுப் பள்ளத்தாக்கில், சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் உள்ள நைவாஷா, 1995-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்க்கப்பட்ட நன்னீர் ஏரி. அண்மைக் காலத்தில் நீர்மட்டம் ஏறியதால் கரையோரத்து வேலமரங்கள் பல பட்டுப்போய், நீருக்குள் அப்படியே நிற்கின்றன. நீர்க்காகங்களும் ஆப்பிரிக்க மீன்கழுகுகளும் அந்த மொட்டைக் கிளைகளில் அமர்ந்திருக்க, படகு அவற்றின் அருகிலேயே செல்கிறது. கிளையில் இருந்த கழுகு திடீரென்று படகை நோக்கிப் பறந்து வரும்போது, குவியத்தொலைவை மாற்ற முடியாத லென்ஸில் இறக்கை வெட்டுப்படும். இதிலோ வளையத்தைச் சற்றுத் திருப்பினால் முழுப் பறவையும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அதன் தலையும் மார்பும் தூய வெள்ளை, வயிறு செம்பழுப்பு என்பதால், ஒளியளவை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) வரை குறைத்து வைத்தால்தான் கழுத்து இறகுகளின் நுண்கோடுகள் வெளிறாமல் நிற்கும்.

சீழ்க்கையடித்து, மீனை நீரில் வீசிக் கழுகை வரவழைக்கும் வழக்கம் இங்குள்ள படகோட்டிகளிடம் உண்டு. நான் அதை வேண்டாமென்று சொல்லிவிடுவேன். பறவை எங்கே இறங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அப்படி எடுத்த படத்தைக் காட்டி லென்ஸின் ஃபோகஸ் வேகத்தைப் புகழ்வதில் பொருளில்லை. அதற்கு உண்மையான சோதனை கருப்பு வெள்ளை மீன்கொத்திதான். அது நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கையில், 1/3200 நொடியில், பத்துப் படங்களில் ஏழெட்டாவது தெளிவாக விழுகின்றன. தலைகீழாகப் பாயத் தொடங்கிவிட்டால் ஒன்றிரண்டு தேறினாலே பெரிது.

படகில் முக்காலிக்கு வேலையில்லை, ஏனெனில் இயந்திரத்தின் அதிர்வு அதன் கால்கள் வழியாக நேரே லென்ஸுக்கு ஏறிவிடும். கையில் பிடித்தே எடுக்கிறேன். எடை 2 கிலோதான் என்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. நடுக்கத்தைக் குறைக்கும் வசதி அமர்ந்திருக்கும் பறவைக்கு உதவுகிறது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தைத்தான் நம்ப வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் காலை ஆறரையை ஒட்டியே சூரியன் உதித்து, விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடுகிறது. ஒன்பதரைக்கு மேல் நீர்ப்பரப்பில் எழும் வெப்ப அலையில் தொலைவிலுள்ள கூழைக்கடாக்கள் கரைந்தாற்போல் தெரிகின்றன; எத்தனை விலையுயர்ந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய இயலாது. 600 முழுவதும் தேவைப்படுவது பெரும்பாலும் நீர்யானைக் கூட்டத்துக்கு அப்பால் இருக்கும் பறவைகளுக்குத்தான், அங்கே படகு நெருங்கக் கூடாது. அந்த முனையில் எஃப்/8-க்குக் குறைத்தால் இறகின் விளிம்புகள் கூர்மையாகின்றன.

குறைகளும் உண்டு. மாலை ஆறு மணிக்குப் பிறகு கோரைப் புதரின் நிழலில் எஃப்/6.3 போதாமல், ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறுகிறது; ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 6400-ஐத் தாண்டிப் புள்ளி புள்ளியாய் வரும் படத்தை ஏற்றுக்கொள்வதா, கேமராவைப் பையில் வைப்பதா என்றால் நான் இரண்டாவதையே செய்கிறேன். தோளில் தொங்கவிட்டு நடந்தால் குழல் தன் எடையாலேயே கீழே நீண்டுவிடுகிறது, பூட்டுப் பொத்தானைப் போடுவது பழக்கமாக வேண்டும். நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் காற்றோடு மண்சாலைத் தூசியையும் உள்ளிழுப்பதால் ஜூம் வளையம் இப்போது நறநறக்கிறது. ரப்பர் பிடியும் தளர்ந்து, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். உள் கண்ணாடியில் படிந்துள்ள சில துகள்கள் படத்தில் தெரியவில்லை என்பதால் சுத்தம் செய்யக் கொடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.