28-லிருந்து 14-க்கு: ஓர் இரைச்சலோடு பதினான்கு மாதங்கள்

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, நீங்கள் மாற்றிய, 28 வோல்ட்டை 14 ஆக்கும் கன்வெர்ட்டர் எப்படி உழைக்கிறது? நானும் அதையே வாங்கலாமா?" அவரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நிற்கும் ஒரு பழைய விமானத்தில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். "வாங்காதே" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிட்டேன். அன்று காலைதான் சுபாங் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வந்திருந்தேன். காதுக்குள் கன்வெர்ட்டர் கிளப்பும் அந்த 'ஙீ' இரைச்சல் ஓயவே இல்லை. இரவு படுத்த பிறகுதான் அந்தப் பெட்டிக்கு அநியாயம் செய்துவிட்டோமோ என்று தோன்றியது.

எங்களுடையது 1979-ஆம் ஆண்டு செஸ்னா 172என். அந்த வரிசை 1978-இல் 28 வோல்ட்டுக்கு மாறியது. பேனலில் இருக்கும் இரண்டு கிங் கேஎக்ஸ் 170பி ரேடியோக்களும் 14 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் உட்கார்ந்து பாதி மின்னழுத்தத்தை விழுங்கிக்கொள்ள வேண்டும். பழைய பெட்டி உண்மையாகவே விழுங்கியது. அது லீனியர் வகை. மிச்சமாகும் 14 வோல்ட்டை முழுக்கச் சூடாக மாற்றிவிடும். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் பேச பொத்தானை அழுத்தினால் ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடும். அப்போது 56 வாட் வெப்பம், காற்றோட்டமே இல்லாத பேனலுக்குப் பின்னால். வெயிலில் நின்ற விமானத்தில் அதன் அலுமினிய விலாக்களைத் தொட்டவன் மறுமுறை தொடமாட்டான். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில் அது அத்தனை ஆண்டுகள் உழைத்ததே பெரிது.

அது செத்தது ஈப்போவிலிருந்து திரும்பும் வழியில். மின்னோட்டம் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் பொத்தானான பிரேக்கர் 'டக்' என்று வெளியே வந்தது. ஹெட்செட்டில் மயான அமைதி. ஒரு முறை அழுத்திப் பார்த்தேன், மீண்டும் வந்துவிட்டது. இரண்டாம் முறை அழுத்தக் கூடாது. வந்த பிரேக்கரை விரலால் பிடித்து வைத்திருப்பது நெருப்புக்கு வெற்றிலை பாக்கு வைப்பதற்குச் சமம். அப்போதுதான் உறைத்தது. இரண்டு ரேடியோ இருக்கிறது என்று இத்தனை வருடம் தைரியமாக இருந்தோமே, இரண்டும் இந்த ஒரே பெட்டியில்தானே தொங்குகின்றன! இண்டர்காமும் அதில்தான். ரேடாருக்கு எண் குறியீட்டில் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் மட்டும் நேரடியாக 28-இல் ஓடுவதால் பிழைத்தது. அதில் 'ரேடியோ செத்துவிட்டது' என்று சொல்லும் 7600-ஐ வைத்துவிட்டு, பையிலிருந்த கைரேடியோவை எடுத்தேன். அதை ஹெட்செட்டோடு இணைக்கும் ஒயர் வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. எஞ்சின் சத்தத்தில் கைரேடியோவைக் காதில் அழுத்திக்கொண்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து இறங்கினேன். (தம்பி, எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த ஒயர் பையில் இருக்கட்டும்.)

கழற்றிப் பார்த்தபோது பெட்டியின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தது. அப்படி ஆனால் 28 வோல்ட்டும் அப்படியே ரேடியோவுக்குள் பாயும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு காவல் சுற்று இருக்கிறது. வெளியீடு எல்லை மீறிய கணமே அது தன்னையே ஷார்ட் செய்துகொண்டு பிரேக்கரைத் தள்ளிவிடும். தள்ளியிருக்கிறது. இரண்டு ரேடியோவிலும் ஒரு கீறல் இல்லை.

புதியது ஸ்விட்சிங் வகை. 2,300 வெள்ளி (ரிங்கிட்), கூலி தனி. சான்றிதழ்த் தாளோடு பொருள் வந்து சேர மூன்று வாரம். உரிமம் பெற்ற பொறியாளர் தலைகீழாகப் படுத்துக்கொண்டு மாட்டி, எடைக் கணக்கைத் திருத்தி, கையெழுத்துப் போட ஒரு நாள். பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், குறையே கிடையாது. பழையதன் எடையில் பாதிகூட இல்லை. இறங்கியவுடன் தொட்டுப் பார்த்தால் ஆறிய தேநீர்க் குவளை போல இருக்கிறது. பேசும்போது பழையதில் மின்னழுத்தம் கொஞ்சம் தொங்கும், இதில் 13.8 வைத்தால் 13.8. நான் பேசுவது முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று மற்ற விமானிகளே சொன்னார்கள்.

ஆனால் இரைகிறது.

எல்லா அலைவரிசையிலும் இல்லை. இருந்திருந்தால் கழற்றி வீசியிருப்பேன், நிம்மதி. குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும், யாரும் பேசாத இடைவெளியில், ஜாடிக்குள் அடைபட்ட ஈ போல. முதலில், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மேல்தான் பழி போட்டேன். அதன் முனகல் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். இது ஏறவில்லை, இறங்கவில்லை. தரையில் நிறுத்தி ஆல்டர்னேட்டரை அணைத்தேன், ஈ போகவில்லை. பேனல் ரேடியோ இரண்டையும் அணைத்துவிட்டுக் கைரேடியோவைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அதிலும் ஈ! கன்வெர்ட்டரின் பிரேக்கரை இழுத்தேன், செத்தது. ஆக, ஒயர் வழியாக மட்டுமல்ல, காற்றிலேயே பரப்புகிறது.

காரணம் எளிது. லீனியர் பெட்டி மிச்சத்தைச் சூடாக்கித் தொலைக்கும். ஸ்விட்சிங் பெட்டி மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒட்டும். அந்த வெட்டின் மடங்குகள் மேலே மேலே போய் விமானப் பேச்சு அலைவரிசைகளிலும் அங்கங்கே வந்து உட்காரும். விமானப் பேச்சு இன்றும் ஏஎம் முறையில்தான் நடக்கிறது. எஃப்எம் போல இரைச்சலை வடிகட்டும் குணம் அதற்கு இல்லை. தரையிலுள்ள ரேடியோ நிலையத்தின் திசையை ஊசியால் காட்டும் ஏடிஎஃப் கருவியின் கதி இன்னும் மோசம். 190 கிலோஹெர்ட்ஸிலிருந்து கேட்கத் தொடங்குகிற கருவி அது, இந்தப் பெட்டியின் சொந்தப் பேட்டை. ஊசி குடித்தவன் போல் அலைகிறது. யார் பார்க்கிறார்கள் அதை, விடுங்கள்.

பொறியாளர் ஐயா பொறுமைசாலி. ஒயர்களைக் குட்டையாக்கி முறுக்கினார், தரை இணைப்பைத் தனியாக இழுத்தார், பெட்டியை ஏடிஎஃப் கேபிளிலிருந்து தள்ளி வைத்தார், ஒயரில் இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையங்கள் போட்டார். முக்கால்வாசி குறைந்தது. "இதற்கு மேல் உங்கள் காதுதான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பில்லை நீட்டினார்.

பினாங்குத் தம்பி இன்னும் இரண்டு கேட்டிருந்தார். பேட்டரியின் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுத்தால் என்ன? விமானத்தின் 24 வோல்ட் பேட்டரிக்கு (28 என்பது அதை ஊட்டும் ஆல்டர்னேட்டரின் அழுத்தம்) நடுவில் முனையே கிடையாது. இருந்தாலும் ஒரு பாதி மட்டும் வடிந்து பேட்டரி கெட்டுப் போகும். அடுத்தது, கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் நூறு வெள்ளிக்கு விற்கும் லோரி கன்வெர்ட்டர். இதற்கு வெட்கத்தோடு பதில் சொல்கிறேன். கோபத்தில் நானே ஒன்று வாங்கி வந்து வீட்டு மேசையில் இரண்டு பேட்டரியோடு ஓடவிட்டுப் பார்த்தேன். கைரேடியோவில் ஈ இல்லை, தேன்கூடு. எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் கொட்டியது. சான்றிதழ் இல்லாத அதை விமானத்தில் மாட்ட முடியாது, அது வேறு. அதற்குள் அந்தக் காவல் சுற்று இருக்கிறதா என்று திருகைக் கழற்றிப் பார்த்தேன். இல்லை. 2,300 வெள்ளி எதற்கு என்று அன்று புரிந்தது. புரிந்ததால் இரைச்சல் குறையவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நான் செய்திருக்க வேண்டியது வேறு. 14, 28 இரண்டையும் ஏற்கும் புது ரேடியோ ஒன்றைப் பேனலில் வைத்திருக்கலாம். கன்வெர்ட்டர் செத்தாலும் அதன் குரல் சாகாது. அதற்கு ஆகும் பணத்தை நினைத்து ஒரு தலைமுறை பழையதைக் காப்பாற்ற ஒரு பெட்டி வாங்கினேன். எங்கள் விமானத்தின் பங்காளிகள் மூவரும் கை தூக்கி ஒப்புக்கொண்ட தீர்மானம்தான். இப்போது ஈயைப் பற்றிப் பேசினால் மூவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை அந்தத் தம்பி சுபாங்குக்கு வந்தார். மதிய இடிமழைக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினோம். கடற்கரையோரம் சமநிலைக்கு வந்ததும் ஈ இருக்கும் அலைவரிசைக்குத் திருப்பி, ஒலியைக் கூட்டி, கையால் சைகை காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஹெட்செட்டை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக் கேட்டார்.

"எது அண்ணே?"

"அதோ, அந்த மெல்லிய சத்தம்."

"எஞ்சினைச் சொல்கிறீர்களா?"

இறங்கியதும் பேனலுக்குக் கீழே கையை விட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லையே என்று சிரித்தார். பாக எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். வாங்குவதானால் ஃபெரைட் வளையமும் நான்கு சேர்த்து வாங்கிக்கொள் என்றேன்.