14 சொட்டுக் கணக்கு: வீடு கட்டுபவர்கள் எந்தக் காரத்தன்மைக் கிட்டை வாங்கலாம்?

போர் தண்ணீரில் கான்கிரீட் போடலாமா என்று கேட்டால், மேஸ்திரி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்லீங்க, தாராளமா ஊத்தலாம்" என்பார். உப்பு நாக்குக்குத் தெரியும், காரத்தன்மை தெரியாது. அதை வீட்டிலேயே அளக்க இன்று நான்கு பொருட்கள் கிடைக்கின்றன: மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கேஎச் (கார்பனேட் காரத்தன்மை) சொட்டுக் கிட், மஞ்சள் நிறப் பிஎச் பேனா, நீச்சல்குளத்துக் காகிதப் பட்டை, கெமிக்கல் கடையில் வாங்கும், காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசல். தண்ணீருக்குச் சொட்டுக் கிட், கான்கிரீட்டுக்குப் பினாப்தலீன். இந்த இரண்டும் இருந்தால் போதும். பேனா இருந்தால் நல்லது, பட்டை தண்டம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிஎச்சும் காரத்தன்மையும் ஒன்றல்ல. பிஎச் என்பது தண்ணீர் அமிலமா, காரமா என்று காட்டும் அந்த நேரத்து நிலை. காரத்தன்மை என்பது அமிலத்தை எவ்வளவு தாங்கும் என்ற சரக்கிருப்பு. போரிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீரைப் பேனாவால் அளந்தால் 7.2 காட்டும். அதே தண்ணீரை வாளியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் காலையில் 8-ஐத் தாண்டியிருக்கும். கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறியதுதான் காரணம், காரத்தன்மை அப்படியேதான் இருக்கிறது. பேனாவை மட்டும் நம்புகிறவர் நேற்று "நல்ல தண்ணீர்" என்று சொன்னதையே இன்று "காரத் தண்ணீர்" என்பார்.

சொட்டுக் கிட்டுக்கு வருவோம். ஏபிஐ உட்படப் பல பெயர்களில் வருகிறது. 5 மில்லி கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய், அமிலமும் நிறங்காட்டியும் கலந்த ஒரு சின்னப் பாட்டில், அவ்வளவுதான். சோதிக்கும் தண்ணீரிலேயே குழாயை மூன்று முறை அலசிவிட்டு 5 மில்லி எடுக்கவும். கோட்டை நம்புவதைவிட மெடிக்கலில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்கி அளப்பது துல்லியம். ஒரு சொட்டு விட்டு, மூடி, கவிழ்த்துக் கலக்கவேண்டும். தண்ணீர் நீலமாகும். எண்ணிக்கொண்டே போனால் ஒரு சொட்டில் பச்சை எட்டிப் பார்க்கும், அடுத்த சொட்டில் மஞ்சள் நிற்கும். மஞ்சளாக்கிய சொட்டையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஒரு சொட்டு 1 டிகேஎச் (இந்தக் கிட்களின் அலகு), அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.86 மில்லிகிராம்.

கட்டடக்காரருக்கு இங்கே ஒரு வசதி அமைந்திருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456:2000, 100 மில்லி தண்ணீரை நடுநிலையாக்க 0.02 நார்மல் (செறிவின் அலகு) கந்தக அமிலம் 25 மில்லிக்கு மேல் செலவாகக்கூடாது என்கிறது. கணக்குப் போட்டால் அது லிட்டருக்கு 250 மில்லிகிராம் காரத்தன்மை. கிட்டில் அது சரியாக 14 சொட்டு. 14-க்குள் மஞ்சளானால் காரத்தன்மையைப் பொறுத்தவரை கவலையில்லை. குடிநீருக்கான ஐஎஸ் 10500:2012 அளவு 200 (வேறு வழியில்லாவிட்டால் 600), ஆகவே குடிக்க, காரத்தன்மையைப் பொறுத்தவரை 11 சொட்டு வரை நல்ல தண்ணீர்.

பிழை வருவது மூன்று இடங்களில். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும், நேர் செங்குத்தாகக் கவிழ்க்கவேண்டும். மூக்கில் காய்ந்த கரைசலைத் துடைக்காவிட்டாலும் அதே கோளாறு. மூன்றாவது, பழைய சரக்கு. அதைக் கண்டுபிடிக்கச் சமையலறை போதும். 4.2 கிராம் ஆப்பச் சோடாவை (பேக்கிங் பவுடர் அல்ல) ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைக்கவும். அதில் 100 மில்லி எடுத்து, மீண்டும் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து ஒரு லிட்டராக்கவும். இப்போது கையில் இருப்பது 250 அளவுத் தண்ணீர். கிட் 13 முதல் 15 சொட்டுக்குள் மஞ்சளானால் சரி. 17 ஆனால் பாட்டிலைக் கடாசிவிடலாம். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் 10 மில்லி தண்ணீர் எடுங்கள், சொட்டுக்கு 9 என்று கணக்கு வரும்.

கடினப்பாறைப் பகுதிப் போர்களில் 300, 400 வருவது புதிதல்ல. அப்படி வந்தால் சிலர் கழிவறை கழுவும் ஆசிட்டை சம்ப்பில் ஊற்றச் சொல்வார்கள். கூடவே கூடாது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் காரத்தன்மையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் குறைத்தால் லிட்டருக்கு 71 மில்லிகிராம் குளோரைடு ஏறும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு வரம்பே 500தான். வேறு தண்ணீரைக் கலப்பதே வழி. 400 உள்ளதும் 100 உள்ளதும் சரிபாதி கலந்தால் 250, காரத்தன்மை நேர்கணக்கில் கலக்கும் (பிஎச் அப்படிக் கலக்காது). கலக்க வேறு தண்ணீரே இல்லை என்றால் சோதனைக்கூடம்தான். அந்தத் தண்ணீரில் சிமெண்ட் இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, டிஸ்டில்டு வாட்டர் கலவையோடு ஒப்பிட்டால் 30 நிமிடத்துக்கு மேல் முன்பின் ஆகக்கூடாது. 28 நாள் கியூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி) வலிமை, டிஸ்டில்டு வாட்டர் கலவையின் வலிமையில் 90 சதவீதமாவது நிற்கவேண்டும். சொட்டுக் கிட் அந்த அறிக்கைக்கு மாற்று அல்ல. எந்தத் தண்ணீரை அங்கே அனுப்பவேண்டும் என்று பிரித்துக் காட்டும், அவ்வளவே.

பட்டை ஏன் தண்டம்? பெரும்பாலான பட்டைகளின் வண்ண அட்டை 240-உடன் முடிந்துவிடும். நமக்கு வேண்டிய கோடு 250. தவிர, டப்பாவை நாலு தடவை திறந்தால் நம் ஊர் ஈரக்காற்றிலேயே பட்டை வீணாகிவிடும். ஹன்னா நிறுவனத்தின் எச்ஐ775 கையடக்கக் கருவி 500 வரை எண்ணாகவே காட்டும். 10 மில்லி தண்ணீர், 1 மில்லி ரீஏஜன்ட். குப்பியில் கைரேகை படாமல் துடைத்து வைக்கத் தெரிந்தவருக்கு நல்ல கருவி. ஆனால் விலை ஆயிரக்கணக்கில். ஒரு வீட்டுக்கு அது அதிகம், பத்து சைட் பார்க்கும் இன்ஜினியருக்குத் தகும்.

பேனா வாங்கினால் 6.86, 9.18 பவுடர்களில் சரிபார்க்கவும். ஒரு பொட்டலத்துக்கு 250 மில்லி டிஸ்டில்டு வாட்டர். அந்த எண்கள் 25 டிகிரிக்கானவை. சித்திரை வெயிலில் கரைசல் 35 டிகிரியில் இருந்தால் 9.18 என்பது 9.10 ஆகிவிடும். முனையை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைப்பது பலர் செய்யும் தவறு, பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்கவேண்டும். சிமெண்ட் பாலில் முக்கினால் கண்ணாடி முனையில் படலம் கட்டி அளவு இழுக்கும்.

அடுத்து, பினாப்தலீன். பழைய வீட்டை வாங்குமுன், மாடி எழுப்புமுன், இதைப்போல மலிவாக உண்மை சொல்லும் பொருள் வேறில்லை. 1 சதவீதக் கரைசலாகவே கிடைக்கும். பவுடர் வாங்கினால் 1 கிராமை 70 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, 100 மில்லி வரும்வரை டிஸ்டில்டு வாட்டர் சேர்க்கவும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். ஒரு காலத்தில் பேதி மருந்தாக விற்ற பொருள்தான் என்றாலும் இன்று கையுறை இல்லாமல் தொடவேண்டாம். தெளிக்கும் இடத்தில் பீடி, நெருப்பு கூடாது.

நல்ல கான்கிரீட்டின் பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரமே கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வெளியிலிருந்து உள்ளே ஊறும்போது காரம் செத்துக்கொண்டே வரும். பூச்சை முதலில் எடுத்துவிட்டு, தூண் ஓரத்தில் உளியால் ஒரு சில்லு உடைக்கவும். துளை போட்ட தூளில் சோதிக்கக்கூடாது, உள்ளிருந்த தூள் மேலே ஒட்டிப் பொய் சொல்லும். உடைத்த முகத்தை ஊதிவிட்டு, தண்ணீர் படாமல், உடனே மெல்லத் தெளிக்கவும். காரம் உயிரோடு இருக்கும் பகுதி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், செத்த பகுதி சாம்பலாகவே நிற்கும். வெளி விளிம்பிலிருந்து நிறம் தொடங்கும் இடம்வரை நாலைந்து இடங்களில் ஸ்கேல் வைத்து அளக்கவும். சராசரியோடு, அதிகபட்ச ஆழத்தையும் குறித்துக்கொள்ளவும். கம்பி முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.

அளவைக் காலத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். ஆழம் ஏறத்தாழ வருடங்களின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 16 வருடத்தில் 10 மில்லிமீட்டர் என்றால், 20 மில்லிமீட்டர் கவரை (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) முழுதும் கடந்து கம்பியைத் தொட, கட்டியதிலிருந்து 64 வருடம். அதே 16 வருடத்தில் 18 என்றால் 20 வருடத்துக்குள்ளேயே கம்பியைத் தொட்டுவிடும். வெளிர் இளஞ்சிவப்பை நல்லதில் சேர்க்கவேண்டாம். பினாப்தலீன் 8.2 அளவிலேயே நிறம் காட்டத் தொடங்கிவிடும், கம்பிக்குத் தேவையான பிஎச் அதைவிட வெகு உயரம். கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். தூத்துக்குடியிலும் நாகையிலும் கத்தரிப்பூ நிறம் பளிச்சென்று இருக்கும்போதே உப்புக்காற்றின் குளோரைடால் கம்பி துருப்பிடிக்கலாம். அதற்கு இந்தப் பாட்டிலிடம் பதில் கிடையாது, குளோரைடு சோதனை தனி.

இதே கரைசலைப் பெயின்ட் அடிக்குமுன் சுவரில் அடித்துக் காட்டி "பாருங்க சார், காரம்" என்று பிரைமர் விற்பவர்கள் உண்டு. வெள்ளை சிமெண்ட் பட்டி போட்ட எந்தப் புதுச் சுவரும் சிவக்கத்தான் செய்யும், அதில் வித்தை எதுவும் இல்லை. சுவருக்குப் பிஎச் தாளே பொருத்தம். ரூபாய் நாணயம் அளவு இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நனைத்து, ஒரு நிமிடம் கழித்துத் தாளை ஒட்டிப் பார்க்கவும். 10-க்கு மேல் காட்டினால் எனாமல் வேண்டாம். காரம் அதன் எண்ணெயைச் சோப்பாக்கி, பிசுபிசுத்து உரிய வைக்கும். பூச்சு முடிந்து 28 நாளாவது காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்த பிறகு மீண்டும் அதே இடத்தில் தாளை வைத்துப் பாருங்கள்.