முழுப் பணம் கட்டிக் கோழிக்குஞ்சு வாங்கப்போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

வயிறு எரிகிறது, கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் முதல் ஆடு மாடு வரை விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்து, கடக்நாத் கருங்கோழியின் ஒரு நாள் குஞ்சுகள் 60 வாங்கினேன். குஞ்சு 90 ரூபாய். மொத்தம் 5,400 ரூபாய், முழுவதும் முன்பணம்.

விற்றவன் வீடியோ அழைப்பில் காட்டியபோது குஞ்சுகள் கறுகறுவென்று ஓடித் திரிந்தன. "அக்கா, பல்பு போட்டு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வையுங்கள். வெறும் செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் அகன்றுவிடும், உமியைப் பரப்புங்கள்" என்று மகளைக் கட்டிக்கொடுப்பவன் போலச் சொன்னான். அந்த அக்கறையில்தான் மயங்கினேன். 5,400 ரூபாயையும் உடனே அனுப்பினேன்.

பஸ் பார்சலில் வந்த பெட்டியில் பாதிக் குஞ்சுகள் தலை தொங்கிக் கிடந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். வயிறு உப்பி, தொப்புள் மூடாமல் ஈரமாக, ரோமம் ஒட்டி, குப்பென்று நாற்றம்.

"பயணக் களைப்பு அக்கா, வெல்லத் தண்ணீர் கொடுங்கள்" என்றான். சொட்டுச் சொட்டாக அலகோரம் வைத்தேன். மறுநாள் கொத்தாகச் செத்தன. "உங்கள் வீட்டில் சூடு போதவில்லை." வெப்பமானியைப் படமெடுத்து அனுப்பினேன். "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது." அதன்பின் என் எண்ணையே முடக்கிவிட்டான். செயலிக்காரர்களோ, அது உங்கள் இருவருக்குள் என்று கைகழுவினார்கள்.

அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர் ஒன்றை அறுத்துக் காட்டினார். உடலுக்குள் கரைந்திருக்க வேண்டிய மஞ்சள் கரு அழுகிக் கிடந்தது. தொப்புள் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. அழுக்கு முட்டை, சுத்தம் செய்யாத குஞ்சு பொரிக்கும் இயந்திரம், இவைதான் பெரும்பாலும் காரணமாம். இதற்கு வெல்லத் தண்ணீர் என்ன செய்யும்?

நோஞ்சான் குஞ்சைத் தேற்றுவது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பெட்டியை வாங்கிய இடத்திலேயே பிரித்துத் தொப்புளைப் பாருங்கள். காய்ந்து மூடியிருக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகுதான் தீவனம். வாயில் எதையும் திணிக்காதீர்கள். துவண்டதைத் தனியே வையுங்கள், மற்றவை கொத்தும். முழுப் பணத்தை முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கால் மஞ்சளாக இருக்கிறது. காலும் கறுப்பாக இருக்க வேண்டிய கடக்நாத்துக்கு மஞ்சள் காலா? 5,400 ரூபாய்!